மிச்சமான இடது பூட்ஸ்

அந்தோணியின் காலைத் தின்றது சர்க்கரை வியாதி இல்லை, டைரக்டர் சார். நீங்கள்.

பெயரைப் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர் வந்தால் அச்சில் ஏற்ற முடியாது என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சொல்லிவிட்டார். பரவாயில்லை. நான் யாரைச் சொல்கிறேன் என்று அந்த டைரக்டருக்குத் தெரியும். பெங்களூரில் பூட்ஸ் செய்து பிழைக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எழுத வராது, ஆளை விடுங்கள் என்று தட்டிக்கழித்து வந்தேன். போன மாதம் என் தம்பி மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். உங்களைப் போன்ற புது ஆட்களுக்கு நடந்த பயிற்சி முகாம். மேடையில் டைரக்டர். "எங்க ஃபேக்டரில ஒருத்தன் வியாதிய மறைச்சு எங்களை ஏமாத்தினான். அவனால ஒரு முழு ஆர்டர் போச்சு. மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் எழுந்து நின்று தட்டினீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த "ஒருத்தன்" விவேக் நகர் அந்தோணி. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

ஹென்னூர் தாண்டி இருந்த ஒரு பூட்ஸ் ஃபேக்டரியில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஜீவனஹள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் செய்தது வேலையாட்கள் போடும் பூட்ஸ். விரல் நசுங்காமல் இருக்க முன்னால் இரும்புத் தொப்பி வைத்தது. அதை மெட்டல் டிடெக்டரில் விட்டால் எல்லா ஜோடிக்கும் கத்தும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று கைதான் சொல்ல வேண்டும்.

அந்தோணி அண்ணா லோடிங்கில் இருந்தவர். லாரியில் பெட்டி ஏற்றுவார். ஒரு நாள் எதற்கோ அவர் காலை அளந்தபோது சரியாக எட்டாம் நம்பர் என்று தெரிந்தது. இரண்டு காலும் ஒரே அளவு. உங்கள் காலை அளந்து பாருங்கள், ஒன்று கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து எந்தப் புது மாடல் வந்தாலும் முதல் ஜோடி அவருக்கு. அதைப் போட்டுக்கொண்டு சில நாள் வழக்கமான வேலையைப் பார்ப்பார். லாரியில் ஏறுவார், இறங்குவார், மழைத் தண்ணீரில் நிற்பார். பிறகு எங்கள் அறைக்கு வந்து சொல்வார். அவர் சரி என்றால்தான் ஆர்டருக்குத் தோல் வெட்டுவார்கள். ஃபேக்டரியில் அவருக்குப் பெயரே "எட்டு". கேன்டீனில் டீ போடுகிறவன்கூட "எட்டுக்கு ஒண்ணு, சக்கரை தூக்கலா" என்பான். இப்போது யோசித்தால் அதுவும் வலிக்கிறது.

அவர் சும்மா சொல்ல மாட்டார். திட்டுவார். "இது பூட்ஸா, லாக்கப்பா?" என்பார். "என் மாமியாருக்கு எடுத்துக் குடுங்க, அவங்களுக்கு இதான் கரெக்ட்" என்பார். உள்துணியில் ஒரு நூல் முடிச்சு இருந்தால் சுண்டு விரல் பக்கமா, கட்டைவிரல் பக்கமா என்று சொல்லுவார். பிரித்துப் பார்த்தால் அங்கேயே இருக்கும்.

ஆனால் அவர் சொல்வதை மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்ததில்லை. எனக்கு முன் அந்தப் பிரிவின் பொறுப்பில் ஒரு அம்மா இருந்தார். கடுகடுவென்று இருப்பார். அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். அண்ணா வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் வாயைத் திறக்க விடமாட்டார். பூட்ஸைக் கழற்று, சாக்ஸைக் கழற்று, காலைத் தூக்கி ஸ்டூலில் வை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த அம்மா குனிந்து காலைப் பார்ப்பார். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே தோல் அமுங்கி வரி விழுந்திருக்கிறது, குதிகாலில் தேய்ந்திருக்கிறதா. பார்த்த பிறகுதான் "இப்ப சொல்லுப்பா" என்பார். காலையில் வீட்டில் நல்ல இட்லி கிடைத்திருந்தால் மனுஷன் சுமாரான பூட்ஸையும் நல்லது என்பான் என்பது அவர் கணக்கு. எனக்கு அவர் சொல்லித் தந்ததில் இது ஒன்றுதான் கடைசிவரை மிஞ்சியது. உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். முதலில் காலைப் பாருங்கள்.

ஒரு தடவை துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கு. வாசலில் லாரி நிற்கிறது, பாதி ஏற்றியாகிவிட்டது. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அண்ணா அந்தச் சரக்கிலிருந்தே ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். நேராக எங்களிடம் வந்து, இடது குதிகால் வழுக்குகிறது, நான் சரி சொன்ன பூட்ஸ் இது இல்லை என்றார். எல்லாருக்கும் அவர் மேல் எரிச்சல். புரொடக்‌ஷன் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், எட்டு, இன்னைக்கு வேண்டாம் எட்டு என்று. அந்த அம்மா காலைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குதிகாலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. பிரித்துப் பார்த்தால், குதிகாலைத் தாங்க உள்ளே வைக்கும் அட்டை வேறு மாடலுடையது. அப்போதிருந்த பழைய முதலாளி ஏற்றியதை இறக்கச் சொல்லி லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். எல்லாம் சரி செய்து அனுப்பிய பிறகு, அந்த ஆர்டரிலிருந்து ஒரு ஜோடியை அண்ணாவுக்கே கொடுத்தார். ராணிப்பேட்டையிலிருந்து வந்த தோல். மேல்புறத்தைச் சீவாமல், பெயின்ட் மாதிரி எதையும் பூசாமல் விட்ட முழுத் தோல். மடக்கினால் மயிரிழை போலச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும், விட்டால் மறைந்துவிடும். அண்ணா அதை மாதா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போட்டார். அடி தேய்ந்தபோது சிவாஜி நகரில் கொடுத்து அடி மாற்றிக்கொண்டார். மேல்தோல் கடைசிவரை அப்படியே இருந்தது. அந்த பூட்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பழைய முதலாளி விற்றுவிட்டுப் போனார். புது ஆட்கள் வந்தார்கள், அவர்களோடு டைரக்டர் வந்தார். காலை ஸ்கேன் செய்கிற மெஷின் வந்தது. அண்ணாவின் கால் கம்ப்யூட்டரில் நீல நிறத்தில் சுற்றியது. நல்ல மெஷின்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெறும் காலை ஸ்டூலில் வைத்துப் பார்ப்பதை டைரக்டர் நிறுத்தினார். வெளியிலிருந்து பார்வையிட வந்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். "மேடம், இது ஃபேக்டரியா, ஆஸ்பத்திரியா? அவன் வாயால சொல்றான், ஸ்கேன் இருக்கு. போதும்" என்றார். அந்தக் கடுகடு அம்மா அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். நான் கத்திப் பார்த்தேன். நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அண்ணா திட்டுவது குறைந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. முன்பு ஒரு மாடலை மூன்று நான்கு தடவை திருப்பி அனுப்புகிறவர், இப்போது முதல் ஜோடிக்கே "நல்லாருக்கும்மா" என்றார். அடுத்ததற்கும் அதே. "தலகாணி மாதிரி இருக்கு." ஃபேக்டரியே சந்தோஷப்பட்டது. தரம் ஏறிவிட்டது என்று டைரக்டர் மீட்டிங்கில் சொன்னார், கேக் வெட்டினார்கள். அண்ணாவுக்கே முதல் துண்டு ஊட்டினார்கள்.

திட்டுகிற ஆள் திட்டுவதை நிறுத்தினால் பொருள் நன்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள். எங்கள் தொழிலில் மட்டும்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் நடக்கும். ஒரு மனிதனின் கால் செத்துக்கொண்டிருந்தது, நாங்கள் அதற்குக் கேக் வெட்டினோம்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரின் கூலியாட்களுக்கான பூட்ஸ். விலையைக் குறைக்க டைரக்டர் தோலை மாற்றினார். மேல்பகுதியைச் சீவியெடுத்த பிறகு மிஞ்சும் அடித்தோலை எடுத்து மேலே கனமாகப் பூச்சு ஏற்றி, அதில் தோல் மாதிரியே வரி அழுத்தியது. பார்த்தால் பளபளவென்று இருக்கும். நல்ல தோல் சில வாரத்தில் போட்டவன் காலுக்கு இடம் கொடுக்கும், சுண்டு விரல் இருக்கிற இடத்தில் லேசாகப் புடைத்துக்கொள்ளும். இது இடமே கொடுக்காது. நடக்கும்போது ஒரே கனமான மடிப்பு விழும். அந்த மடிப்பு இரும்புத் தொப்பியின் விளிம்பைக் கீழே தள்ளி விரல் மேல் அழுத்தும். பூட்ஸ் பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று முன்பக்கத்தையும் ஒடுக்கியிருந்தார்கள்.

நான் கையில் வாங்கி மடக்கினேன், உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். இது காலைக் கடிக்கும் என்று டைரக்டரிடம் சொன்னேன். "அந்தோணியே ஓகே சொல்லிட்டான். அவனை விடவா உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. லோடிங் மேடையில் அண்ணாவைப் பிடித்து, சாக்ஸைக் கழற்றிக் காட்டச் சொன்னேன்.

"என்னா சரோஜா, பொண்ணு பாக்க வந்தியா? கால எல்லாம் காட்டச் சொல்ற" என்றார்.

"ஜோக்கு வேண்டாம்ணா. ஒரு நிமிஷம் கழட்டுங்க."

"வேல கெடக்குமா. அப்புறம்."

அப்புறம் என்று ஒன்று வரவில்லை. இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் லாரிக்குள் ஏறிப் போய்விட்டார். அந்த ஆள் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்து அதே ஆர்டருக்கு இரண்டாவது மாதிரி ஜோடி வந்தது. மாதிரி ஜோடிகள் என் பிரிவு வழியாக வராது, செய்கிற இடத்திலிருந்து நேராக அவரிடம் போகும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். "பஸ்ட் கிளாஸ்மா. இத்தோட தூங்கிடலாம்" என்றார். பேசிக்கொண்டே இடது காலைத் தரையில் வைத்தார். எடுத்தபோது தரையில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. சாக்ஸ் அடிப்பக்கம் முழுவதும் ரத்தத்தில் ஊறியிருந்தது.

பூட்ஸைப் பிடுங்கி உள்ளே கையை விட்டேன். ஒரு ஆணி. செய்யும்போது உள்ளட்டையைக் கால் வடிவ அச்சோடு பிடித்து வைக்கச் சின்ன ஆணி அடிப்பார்கள். அச்சை உருவுவதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்க மறந்திருக்கிறார்கள். கூர் மேலே பார்த்து நின்றது. காலையிலிருந்து அவர் அதன் மேல் நடந்திருக்கிறார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறியிருக்கிறார்.

அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோட ரத்தம்மா இது?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நான் சாக்ஸை உருவினேன். அவர் தடுக்கவில்லை. இரண்டு காலிலும் விரல்களுக்கு மேல் புண், சுண்டு விரல் ஓரத்தில் கறுப்பு. பழைய புண் மேல் புதுப் புண். நாங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்த வரை ஒரு சின்னச் சிவப்புகூடத் தப்பியதில்லை. பார்க்காமல் விட்ட காலத்தில் இத்தனையும் சாக்ஸுக்குள் இருந்திருக்கிறது.

"எவ்ளோ நாளாண்ணா?"

"சுகர் இருக்கு. கால்ல உணர்ச்சியே இல்லமா, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. பூட்ஸ் நல்லாருக்கா இல்லையான்னு எனக்கு எப்டி தெரியும்?"

"அப்ப ஏன் நல்லாருக்குன்னீங்க?"

அப்போது சொன்னார். "நான் டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன் சரோஜா. ரூம்ல நின்னு சொன்னேன், சார், எனக்கு இனிமே தெரியாது, வேற ஆள் பாருங்கன்னு. இந்த ஆர்டர் போற வரைக்கும் சும்மா இரு, நல்லாருக்குன்னு சொல்லு போதும்ன்னாரு. யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா லோடிங்லயும் வெச்சுக்க முடியாதுன்னாரு. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். நான் என்னா பண்ணட்டும்?"

அந்த ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் மறுப்பார், சண்டை போடலாம் என்று நினைத்துப் போனேன். அவர் மறுக்கவே இல்லை.

"தெரியும் மேடம். சொன்னான். ஆனா ஸ்கேன் பாருங்க, கால் இன்னும் எட்டுதானே? அளவு மாறலையே" என்றார்.

"அளவு இருக்கு சார். உணர்ச்சி இல்ல."

"பூட்ஸுக்கு அளவுதான் வேணும்."

இந்த வரியை உங்கள் மேசையில் ஒட்டி வையுங்கள். இப்படி ஒரு மனிதனிடம் வேலை பார்க்க நேர்ந்தால் அடையாளம் தெரியும்.

மறுநாள் நானே லோடிங்கில் இருந்த வேறு சிலருக்கு அந்த பூட்ஸைப் போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் எல்லாரும் கழற்றி எறிந்தார்கள். அவர்கள் காலை வரிசையாக ஸ்டூலில் வைத்து போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தோல் வெட்டியாகிவிட்டது, சரக்கு போகும் என்றார். சரக்கை வெளியே விடும் கடைசி முத்திரை என் கையில் இருந்தது. குத்த மாட்டேன் என்றேன். முத்திரையை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். என்னை அட்டைப்பெட்டி ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

அண்ணாவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஃபர்ஸ்ட் எய்டில் ஒரு பிளாஸ்டர் போட்டார்கள். "ஒரு வாரம் நடந்து டிரையலை முடிச்சிடு, அப்புறம் எவ்ளோ லீவு வேணுமோ எடுத்துக்கோ" என்று டைரக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் நடந்தார். ஆணி குத்தின காலோடு, ஒடுக்கமான அந்த பூட்ஸில், வலிக்காததால் நடந்தார். வலி என்ற ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே கழற்றியிருப்பார்.

முதலில் இடது காலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு முன்பாதம். பிறகு முட்டிக்குக் கீழே.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி ஸ்டெல்லா வெளியே பெஞ்சில் இருந்தார், என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. உள்ளே அண்ணா சிரித்தார். "கம்பெனிக்குச் சொல்லு, இனிமே எனக்கு ஒத்த பூட்ஸ் போதும். அவங்களுக்கு லாபம்" என்றார். நான் சிரிக்கவில்லை. போர்வைக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டினார்.

"இங்க வலிக்குது சரோஜா. சுண்டு விரல்கிட்ட. இருந்தப்ப ஒண்ணுமே தெரில. இப்ப வலிக்குது. டாக்டர் இது சகஜம்ன்றாரு. அந்த பூட்ஸ் டைட்டும்மா. இப்ப சொல்றேன், அது ரொம்ப டைட்டு. எழுதிக்கோ."

அதுதான் அவர் கடைசியாகத் தந்த டிரையல் ரிப்போர்ட்.

சரக்கு திரும்பி வந்தது. அட்டைப்பெட்டி ஸ்டோருக்குத்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டேன். மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடித்து உரிந்திருந்தது. சிலதில் விரல் பக்கம் பழைய துணியைக் கிழித்து அடைத்திருந்தார்கள். சிலதில் சாக்ஸ் காய்ந்த ரத்தத்தோடு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ கூலிக்கு வந்தவர்கள், தார் கொதிக்கிற ரோட்டில் இதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கூலியாட்களுக்கு பூட்ஸ் போடத் தெரியவில்லை என்றுதான் முதலில் கம்பெனி சொன்னது. அது எடுபடாமல் போனதும் அந்தோணி நோயை மறைத்துவிட்டார் என்றது. அவரை வேலையை விட்டு எடுத்தது. அன்று வந்த பொய்தான் போன மாதம் மேடை ஏறி உங்கள் கை தட்டலை வாங்கியது.

அண்ணா இந்த மழைக்காலத்தில் இறந்துவிட்டார். மகள் கல்யாணம் நின்றுபோயிருந்தது, பிறகு எப்படியோ வேறு இடத்தில் முடிந்தது, அதை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். நான் விவேக் நகர் வீட்டுக்குப் போனபோது சவப்பெட்டியில் வைக்க உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அவருக்குக் கோட்டு போட்டுவிட்டிருந்தார்கள். ஸ்டெல்லா உள்ளே போய் அந்தப் பழைய ஜோடியை எடுத்து வந்தார். ராணிப்பேட்டைத் தோல். பாலிஷ் போட்டு வைத்திருந்தார். பழைய முதலாளி கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, காலுக்கு ஏற்றபடி சுண்டு விரல் பக்கம் மட்டும் லேசாகப் புடைத்து. வலது காலில் மாட்டினார்கள். நன்றாகப் பொருந்தியது.

இடது பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா நின்றார். எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் வையுங்கள் என்று ஒருவர் சொன்னார். ஸ்டெல்லா கேட்கவில்லை. என்னிடம் வந்து நீட்டினார்.

"இது உங்க கம்பெனி வேலைதானே. நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். இப்போது என் வீட்டில் இருக்கிறது. மடக்கினால் மயிரிழைச் சுருக்கம் விழுகிறது, விட்டால் மறைகிறது. உள்ளே கையை விட்டால் அவர் கால் இருந்த பள்ளம் தெரிகிறது, ஐந்து விரலும் தனித்தனியாக.

டைரக்டர் சார், அடுத்த பயிற்சி முகாமுக்கும் உங்களைத்தான் பேச அழைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வருவேன். முன் வரிசையில் உட்காருவேன். இந்த பூட்ஸைக் கொண்டுவந்து உங்கள் மைக் முன்னால் வைப்பேன். அந்தோணி தன் காலில் உணர்ச்சி இல்லை என்று உங்கள் அறையில் நின்று சொன்னாரா இல்லையா? யார்கிட்டயும் சொல்லாதே என்று அவரை மிரட்டியது யார்? ஆணி குத்தின காலோடு ஒரு வாரம் நட என்று சொன்னது யார்? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அவரை எந்த மைக்கில் பொய்யன் என்றீர்களோ அதே மைக்கில், கை தட்டின இதே பிள்ளைகள் முன்னால், ஸ்டெல்லா கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.